உப்பு வண்டியில் குடித்தனம்

வீடு என்றால் ஓரிடத்தில் நிற்க வேண்டும். வண்டி என்றால் ஓட வேண்டும். இரண்டையும் தனித் தனியாக வைத்தே நாம் பழகிவிட்டோம். ஆனாலும் மனிதர் மனத்தின் அடியில் வேறொரு ஆசையும் கிடக்கிறது போலிருக்கிறது. மாமல்லபுரத்தில் பல்லவர்கள் பாறையில் செதுக்கிய திரௌபதி ரதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது அச்சு அசலான கூரைக் குடிசை. சக்கரம் கிடையாது, அச்சு கிடையாது, நுகத்தடி கிடையாது. இருந்தும் ஜனங்கள் அதற்கு 'ரதம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்லால் ஆன வீட்டைக் கண்டாலும் 'இது ஓடாதா?' என்று கேட்கத் தோன்றுகிறது!

சிறியதாக ஒரு வீடு கட்டி, அதைச் சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது அமெரிக்காவிலிருந்து வந்த புது நாகரிகம் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு அந்தப் பெருமையைக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இருந்திராது, பத்துப்பாட்டு என்று ஒரு தொகுதி நம்மிடம் இல்லாதிருந்தால். அதில் உள்ள பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்ற புலவர் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிப் பாடியது. தொண்டை நாட்டுப் பாட்டு. அந்தத் தொண்டை நாட்டைச் சேர்ந்ததுதான் நமது பொன்னேரியும், அதற்குக் கிழக்கே உள்ள பழவேற்காடும், தெற்கே உள்ள அத்திப்பட்டும் எண்ணூரும். உப்புக் காற்று வீசும் பூமி. ஆரணியாறு பொன்னேரியைத் தொட்டுக்கொண்டு போய்ப் பழவேற்காட்டு ஏரியில் விழுகிறது. அத்திப்பட்டிலும் எண்ணூரிலும் அண்மைக் காலம் வரையில் உப்பளங்கள் பாத்தி பாத்தியாக விரிந்து கிடந்தன. பிறகு அனல் மின் நிலையமும் துறைமுகங்களும் வந்து அந்த இடங்களில் பெரும் பகுதியை எடுத்துக்கொண்டன.

காஞ்சிக்குப் போகும் பாணன் வழியில் என்னென்ன பார்ப்பான் என்று சொல்லிக்கொண்டு வரும் புலவர், உமணர்களின் வண்டி வரிசையைக் காட்டுகிறார். உமணர் என்றால் உப்பு வணிகர். அவர் காட்டும் வண்டியைச் சற்று நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம். முதலில் தச்சு வேலை. குடம், ஆரம், வட்டை எல்லாம் செம்மையாகப் பொருந்திய சக்கரம். கணைய மரம் போன்ற பருத்த பார். அதன் மேல் புல்லால் வேய்ந்த கூரை. தினைப்புனத்தில் யானையை விரட்டக் கட்டும் பரண் குடிசையைப் போல இருக்கிறதாம். வண்டியின் வாசலில் கோழி அடையும் கூடு. பக்கத்தில் தொங்குகிறது ஒரு சிறிய உரல். அது பெண் யானையின் முழங்காலைப் போன்றது என்கிறார் புலவர். முன்புறத்தில் காடி ஊறும் பானை. வண்டி குலுங்கினாலும் விழாதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அது கூத்தாடும் பெண்கள் அரங்குக்குக் கொண்டுபோகும் வாத்தியம் மாதிரி இருக்கிறதாம். கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்து எருதுகளை ஓட்டுகிறாள். வேப்பந் தழை மாலை சூடிய ஆண்கள் பக்கத்தில் காவலாக நடந்து வருகிறார்கள்.

பாருங்கள், இது சுமை வண்டியா, வீடா? தொழுவும் உண்டு, சமையலறையும் உண்டு, குழந்தை வளர்கிற இடமும் உண்டு. இன்று சக்கர வீடு கட்டுகிறவர்களைப் படுத்தும் பிரச்னைகள் எல்லாம் அந்த வண்டித் தச்சனுக்கும் இருந்திருக்கின்றன. கனமான சாமானை எங்கே வைப்பது? உரலை உள்ளே வைத்தால் இடம் போகும், உருண்டால் குழந்தையின் கால் போகும். ஆகவே வெளியே தொங்கவிட்டான். கூரைக்கு ஓடு போட்டால் மாடு தாங்காது, புல் போட்டான். நடு வழியில் அச்சு முறிந்தால்? அதற்கும் யோசனை இருந்தது. ஔவையார் அதியமானின் மகனைப் பாடும்போது, உமணர்கள் வண்டியின் அடியில் கூடுதலாகக் கட்டி வைத்திருக்கும் சேம அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார். ஓர் அரசகுமாரனுக்கு இதைவிட நல்ல பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

சரி, அந்த மாதிரி உப்பு ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு திரிந்தவர்களெல்லாம் பிற்காலத்தில் என்ன ஆனார்கள்? இங்கேதான் கதை கசக்கிறது.

1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை ராஜதானியில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரையில் கால்வாய் வெட்டினார்கள். பின்னால் 1876-78 பஞ்சத்தின்போது நீட்டிக்கப்பட்டுப் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது அதுதான். உப்பும் விறகும் படகில் பட்டணம் போயின. 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடிற்று. 1899-ல் பொன்னேரி வழியாக வடக்கே பெஜவாடாவுக்கும் பாதை இணைந்துவிட்டது. மாட்டையும் கழுதையையும் நம்பிக் கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய், தானியத்தைத் திருப்பிக் கொண்டு வந்தவர்களுக்குப் பிழைப்பு போயிற்று. அப்படிப் பிழைத்தவர்களில் குறவர் சமூகத்தின் பல பிரிவினரும் உண்டு. உப்புக் குறவர் என்ற பெயரே அதற்குச் சாட்சி. சங்க காலத்து உமணர்களின் வழிவந்தவர்கள் இவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தொழில் ஒன்று, அலைச்சல் ஒன்று, அவ்வளவுதான்.

பிழைப்பு போனதோடு நிற்கவில்லை. வீடு வாசல் இல்லாமல் திரிகிறவன் திருடனாகத்தான் இருக்க வேண்டும் என்று சர்க்கார் முடிவு கட்டியது. 1871-ல் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-ல் திருத்திய சட்டம் சென்னை ராஜதானிக்கும் வந்து சேர்ந்தது. ஜாதியின் பெயரைச் சொல்லி ரேகை எடுத்தார்கள். இருப்பிடத்தைப் போலீசில் சொல்லச் செய்தார்கள். பலரைக் குடியேற்றங்களில் அடைத்தார்கள். வழியில் போகும் வண்டிக் குடித்தனத்தைக் கண்டு பாட்டுப் பாடிய நாட்டில், அதே மாதிரிக் குடித்தனத்தைக் கண்டு பதிவேட்டைத் திறந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல் ரத்தாயிற்று. நாடு முழுவதும் 1952-ல்தான்.

ராஜஸ்தானத்தில் காடியா லோஹார் என்று ஒரு கூட்டத்தார். காடி என்றால் வண்டி. லோஹார் என்றால் கொல்லர். 1568-ல் அக்பரிடம் சித்தூர்க்கோட்டை வீழ்ந்தபோது, கோட்டை மீளும் வரையில் கூரைக்குக் கீழே வாழ்வதில்லை என்று விரதம் பூண்டதாகச் சொல்லிக்கொள்வார்கள். 1955 ஏப்ரலில் ஜவாஹர்லால் நேரு அவர்களைச் சித்தூர்க்கோட்டைக்குள் தாமே அழைத்துச் சென்றார். விரதம் முடிந்தது. வண்டிகள் மட்டும் நிற்கவில்லை. கோட்டையைத் திருப்பித் தந்துவிடலாம். குடியிருக்க மனையும் தொழிலுக்கு வழியும் தருவதல்லவா கஷ்டம்!

இதற்கெல்லாம் நேர்மாறான ஒரு பேர்வழி இங்கிலாந்தில் இருந்தார். கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர். கப்பற்படையில் வைத்தியராக இருந்துவிட்டுப் பையன்களுக்குக் கதை எழுதியவர். 1885-ல் பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறை ஒன்றில் 'வாண்டரர்' என்ற சக்கர வீட்டைக் கட்டுவித்தார். சுமார் இரண்டு டன் எடை. இழுக்க இரண்டு குதிரை. வண்டிக்காரன் ஒருவன். பணியாள் ஒருவன், மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே போய் எதிரே வருகிறவர்களை எச்சரிப்பதற்கு! நாடோடிகளின் வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டு, வேலைக்காரர் சகிதம் நாடோடி ஆனார். பொழுதுபோக்காகச் சக்கர வீட்டில் திரிகிற வழக்கத்துக்கு அவரைத்தான் முன்னோடி என்கிறார்கள். அவரை யாரும் ரேகை வைக்கச் சொன்னதாகத் தெரியவில்லை.

நம் நாட்டுக்கே திரும்புவோம். நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த அருண் பிரபு என்ற இளைஞர், கட்டடக் கலை படித்தவர். 2020-ல் அவருக்கு இருபத்து மூன்று வயது இருக்கும்போது, அவர் கட்டிய வீட்டின் படம் பத்திரிகைகளில் வெளிவந்தது. ஆட்டோ ரிக்ஷாவின் மேல் ஒரு வீடு! பெயர் 'சோலோ 01'. ஆறடிக்கு ஆறடி, அதாவது முப்பத்தாறு சதுர அடி. படுக்கை, சமையல், குளியல், கழிப்பறை, மொட்டை மாடிக்கு ஏணி, கூரையில் சூரிய மின் தகடு எல்லாம் அதற்குள். பழைய சாமான்களை நிறைய உபயோகித்து, சுமார் ஒரு லட்சம் ரூபாயில் முடித்திருக்கிறார். லாரிக்குக் கூடு கட்டுவதில் பெயர் பெற்ற மாவட்டத்துப் பிள்ளை, ஆச்சரியப்படுவானேன்? சென்னை, மும்பைக் குடிசைப் பகுதிகளில், பல லட்சம் செலவழித்துக் கட்டிய சின்ன வீடுகளில்கூடக் கழிப்பறைக்கு இடமில்லாததைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் பிறந்ததாம். 2021-ல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அவரைப் பாராட்டி, பொலேரோ சுமை வண்டியின் மேல் இதைவிடப் பெரிதாக ஒன்று அமைக்க முடியுமா என்று கேட்டார்.

அந்த வீட்டில் 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகத் தொட்டி நிரம்பினால் 250 கிலோ. ஆட்டோவுக்கு அனுமதித்த மூன்று பிரயாணிகளின் எடையைவிட அதிகம். அதுவும் கூரைப் பக்கம் ஏறினால் வளைவில் வண்டி தலை சாயும். ஓடும்போது தொட்டி காலி, நின்ற பிறகே தண்ணீர் என்று வைத்துக்கொள்வதுதான் புத்தி. எருதை நினைத்துப் புல் வேய்ந்தவன் போட்ட கணக்கும் இதேதான். அப்புறம் சட்டம். உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. ஆசைப்பட்டுத் தகரம் வெட்டத் தொடங்குகிறவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அருண் பிரபு வீட்டை மரையாணிகளால் வண்டியோடு பிணைத்திருக்கிறார். கழற்றினால் வீடு தனி, ஆட்டோ தனி.

பொன்னேரிப் பக்கம் இப்போது உப்பு வண்டி கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கும், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கும் போகிற லாரிகளும் கண்டெய்னர் வண்டிகளும்தான். துறைமுக வாசலில் முறை வரும் வரையில் காத்துக் கிடக்க வேண்டும். டிரைவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகைப் படுக்கை. முன் கண்ணாடிக்கு மேலே சாமி படம். பக்கவாட்டுப் பெட்டிக்குள் அடுப்பும் அரிசியும் மிளகாய்ப் பொடியும். வண்டியின் அடியில் ஸ்டெப்னி டயர். லைசென்ஸில் எழுதியிருக்கும் விலாசத்துக்கு அவர் மாதத்தில் சில நாள் போனால் அதிகம். மற்ற நாளெல்லாம் விலாசம் அந்தப் பலகைதான். சோறு பொங்கிவிடலாம், தூங்கிவிடலாம். குளிக்கத்தான் இடம் தேட வேண்டியிருக்கிறது.