கேட்காமல் எடுத்த ரத்தம்

கொங்குப் பகுதிக் கிராமம் ஒன்றில் எச்.ஐ.வி. பரிசோதனை முகாம். மாரியம்மன் கோயில் முன்பு பந்தல் போட்டிருந்தார்கள். கோயிலில் வைத்தால் சனம் நம்பி வரும் என்பது ஏற்பாட்டாளர்களின் கணக்கு. ஊர்த்தெருக்காரர்கள் வந்தார்கள். அருந்ததியர் காலனியிலிருந்து மதியம் வரை ஒருவரும் வரவில்லை. கூப்பிடப் போன என்னிடம் ஒரு பாட்டி கேட்டார்: "கோயில் வாசலுக்கு நாங்க எப்பக் கண்ணு வந்திருக்கறோம், இன்னைக்கு ரத்தங் குடுக்க வர்றதுக்கு?"

யாருடைய இடத்தில், யாரைக் கேட்டு ரத்தம் எடுக்கிறோம்? இந்தியாவில் எச்.ஐ.வி. வரலாறு தொடங்கியதே இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்த்தான்.

1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ஆய்வு செய்த மாணவி நிர்மலா, பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டு, ஜாமீன் கட்ட வழியில்லாமல் அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். சென்னையில் சோதிக்க வசதி இல்லை. மாதிரிகளை வீட்டுக் குளிர்பெட்டியில் பாதுகாத்து, ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோனார். வேலூர் சி.எம்.சி.யில் செய்த சோதனையில் 6 மாதிரிகளில் தொற்று தெரிந்தது. நாட்டில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது அங்கேதான்.

சி.எம்.சி., மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய சிறு மருத்துவமனையிலிருந்து வளர்ந்தது. தொட்டால் தீட்டு என்ற ஊரில், நம் மக்களின் நாடியைத் தொட்டுப் பார்த்தவை இத்தகைய மிஷன் மருத்துவமனைகள். அந்தக் கடனை நாம் மறுக்க வேண்டியதில்லை. நிர்மலாவின் துணிச்சலையும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களிடம் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே நினைத்தார்கள். அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு மறுக்கவும் வழி ஏது?

இந்த நிலையைத் தொற்றுள்ளவர்களே எதிர்த்துப் பேசினார்கள். லாரித் தொழிலின் ஊரான நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யாவுக்கு, லாரி ஓட்டுநரான கணவரிடமிருந்து தொற்று வந்தது. தன் நிலையை வெளிப்படையாகச் சொன்ன அவர், 1998-இல் வேறு சில பெண்களோடு சேர்ந்து எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டம், விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெறாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியில் சொல்லக் கூடாது என்கிறது.

கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, முகாம் நடத்துகிறவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். சாமியாரோ பாதிரியாரோ சொன்னதால் விரலை நீட்டுவது சம்மதம் ஆகாது. முகாமில் செய்வது முதற்கட்டச் சோதனைதான். உறுதிசெய்வது அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையம். அங்கே போகும் பெண்ணைப் பற்றிய பேச்சு அவளுக்கு முன்னால் ஊர் திரும்பிவிட்டால், அடுத்த முகாமுக்கு அந்தக் காலனியிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

தோழர்களே, முகாமுக்குத் தொண்டு செய்யப் போகுமுன் மூன்றைக் கேளுங்கள்: அந்த இடத்துக்குள் காலனி மக்கள் மற்ற நாளில் நுழைய முடியுமா? சோதனைக்கு முன்னும் பின்னும் தனியே உட்கார்ந்து பேச ஆள் உண்டா? பெயரேடு யார் கையில் இருக்கும்?

அடுத்த முறை காலனிச் சமுதாயக் கூடத்தில் முகாம் வைத்தோம். பாட்டிதான் முதலில் வந்தார். விரலை நீட்டவில்லை. "எதுக்குன்னு சொல்லு கண்ணு, அப்புறம் பாக்கலாம்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினோம்.