குற்றவாளி, வாடிக்கையாளர், நோயாளி

சேரிப் பையன் குடித்தால் ‘அவங்க பழக்கம் அது’ என்பார்கள். தோழர்களே, நம் வரலாறு வேறு. 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் மீட்டெடுக்கத் தொடங்கிய பௌத்தத்தின் ஐந்து சீலங்களில் ஒன்று, மது அருந்தாமை. 1956-இல் நாக்பூரில் பாபாசாகேப் எடுக்கச் செய்த 22 உறுதிமொழிகளிலும் அது உண்டு.

அரசின் கதையோ வேறு. ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கில் குடித்தவர் குற்றவாளி. 1971-இல் கடை திறந்தது, 1974-இல் மூடியது, பிறகு மறுபடியும் திறந்தது. 2003-இல் டாஸ்மாக்கே சில்லறை விற்பனைக்கு வந்தபோது அவர் வாடிக்கையாளர் ஆனார். 21 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாதாம்; கடை வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

நோயாளி என்ற பெயர் சட்டத்தில் தெளிவாக வந்தது 2017-இல்தான். அந்த ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவால் வரும் மனநலப் பாதிப்பையும் மனநோய்க்குள் சேர்க்கிறது. சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது. களப்பணியில் நான் பார்க்கும் பையன்கள் பலருக்குத் தூக்கமின்மையும் பதற்றமும் முதலில் வந்தன, பாட்டில் பிறகுதான். ஊரார் அவர்களைக் கயிறு கட்டக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகிறவர்கள் குறைவு.