ஈட்டி என்னும் இரண்டாம் குழல்

கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பானர்மன், அம்மாதமே பாளையக்காரரின் படைக்கலங்களைப் பறிக்க ஆணையிட்டார். துப்பாக்கியோடு ஈட்டியையும் அவ்வாணை தடுத்தது. ஈட்டிக்கு ஏன் இத்தனை அச்சம்?

அக்காலத் துப்பாக்கி ஒரு வெடிக்கே உதவும். மறுமுறை சுடுவதற்குக் குழல்வாயில் கருமருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். அதற்குள் பகைவன் நெருங்கிவிடுவான். பிற்காலத்து வேட்டைக்காரர் பெரிய இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதும் அந்தச் சில நொடிகளுக்காகவே. கரிசற்சீமை வீரனுக்கோ ஈட்டியே இரண்டாவது குழல்.

1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிய ஊமைத்துரை, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். மார்ச் 31-ல் கும்பினிப்படை மதிலை நெருங்கியது. ஏறி வந்தவரை நீண்ட ஈட்டிகள் குத்தித் தள்ளின. கோட்டை விழ மே 24 ஆயிற்று.