லக்பத் கோட்டையும் ரெண்டு செகண்ட் பல்பும்

காந்திதாமுக்கு வேலைக்கு வந்த நம்ம ஆட்கள், ஊரிலிருந்து யாராவது வந்தால் கூட்டிப்போகும் இடம் வெள்ளை ரண். பௌர்ணமியில் உப்புத்தரை பளபளக்கும், ஒட்டகம் ஏறலாம், குழந்தைகளுக்கும் கொண்டாட்டம். நான் சொல்லப்போகும் ஊருக்கு அமாவாசையில்தான் போகவேண்டும். குடும்பத்தோடு போனால் திட்டு நிச்சயம். (அனுபவம்.)

லக்பத். புஜ் வழியாகக் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். அதற்கு மேல் சாலை கிடையாது. கோரி க்ரீக், சேறு, அதையும் தாண்டினால் பாகிஸ்தான். ஏழு கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒரு மதில். உள்ளே பெரும்பாலும் இடிந்த வீடுகளும் சீமைக்கருவேலமும். (கச்சில் இந்த மரத்துக்கு 'காண்டோ பாவள்' என்று பெயர். பைத்தியக்கார வேலமரம் என்று அர்த்தம். நம் ஊர்க்காரர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள்.) ஆனால் வானம்! ராத்திரி பத்து மணிக்கு மேல் தலையைத் தூக்கினால், சின்ன வயதில் மொட்டைமாடியில் படுத்துப் பார்த்த அதே வானம்.

முதல் தடவை போனது ஒரு ஜனவரியில். எனக்கு வேண்டியிருந்தது கோட்டை மதிலுக்கு மேல் துருவ நட்சத்திரம். பகலிலேயே காவல் சாவடியில் போய்ச் சொன்னேன். எல்லைப் பகுதி, மதில் பக்கம் ராத்திரி டார்ச் அடிக்கவே கூடாது, கேமராவை வடக்கே திருப்பக் கூடாது என்று பணிவாக, ஆனால் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நியாயம்தானே. துருவ நட்சத்திரமோ வடக்கில்தான் இருந்து தொலைக்கிறது. சரி என்று தெற்கே திரும்பினேன்.

தெற்கே இன்னொரு ஆள் நின்றிருந்தார். அகத்திய நட்சத்திரம். அரபு மாலுமிகளுக்கு சுஹைல். லக்பத்தில் அது உச்சிக்கு வரும்போதும் அடிவானத்திலிருந்து 13 டிகிரிதான் ஏறும். எங்கள் ஏரலில் நின்று பார்த்தால் 28 டிகிரிக்கு மேல். அவ்வளவு தூரம் வடக்கே வந்துவிட்டோம் என்று அந்த ஒற்றைப் புள்ளி கணக்குக் காட்டியது. துறைமுகம் நடந்த காலத்தில் இங்கே வந்துபோன மாலுமிகளும் நட்சத்திர உயரத்தை இப்படி அளந்துதான் ஊரைக் கண்டுபிடித்திருப்பார்கள்.

படம் எடுக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். முக்காலி, 14 எம்எம் லென்ஸ், அப்பர்ச்சர் 2.8, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 25 செகண்ட். அதற்கு மேல் போனால் பூமி சுற்றுவது காட்டிக்கொடுத்துவிடும், நட்சத்திரங்கள் கோடாகும். இந்த 25 செகண்டில் வானம் தானாகப் பதிந்துவிடும். கட்டடம் பதியாது, கறுப்பு அட்டை மாதிரி நிற்கும். அதற்குத்தான் டார்ச். ஷட்டர் திறந்திருக்கும்போது ஓடிப்போய், சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி மேலும் கீழும் வெளிச்சத்தைத் தடவவேண்டும். கேமரா பக்கத்தில் நின்று அடித்தால் சுவர் சினிமா செட் போலச் சப்பையாக வரும். பக்கவாட்டிலிருந்து சுவரை உரசினாற்போல் அடித்தால்தான் கல்லின் உளிப்பள்ளம் எல்லாம் எழுந்து நிற்கும். எல்ஈடி வெளிச்சம் நீலம் தட்டியது. பையன் தின்றுபோட்ட ஆரஞ்சு மிட்டாய்க் காகிதத்தை டார்ச் முகத்தில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன்.

ஒரே ஒரு தொல்லை. நான் தேர்ந்தெடுத்த இடிந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டு வாசலில் பல்பு எரிந்தது. போய்க் கதவைத் தட்டினேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு சாச்சா. "அரை மணி நேரம் விளக்கை அணைக்க முடியுமா சாச்சா?" என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் அணைத்தார். குடும்பமே இருட்டில் உட்கார்ந்திருந்தது. படம் அருமையாக வந்தது. அகத்தியர், பாதிச் சுவர், கதவில்லாத வாசல்.

காலையில் டீ கொடுத்தார். கேமராத் திரையில் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு பேட்டா. எங்க வீடு எங்கே?" என்றார்.

அவர் கோபமாகக் கேட்கவில்லை, தேடித்தான் கேட்டார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

திரும்பி வந்து புத்தகங்களைப் புரட்டினேன். எனக்குத் தெரிந்திருந்த லக்பத் கதை ஒரு வரிக் கதை: சிந்து நதியின் ஒரு கிளை இங்கே ஓடியது, ஊர் செழித்தது, 1819 ஜூன் 16 மாலை பூகம்பம் வந்தது, நதி திரும்பியது, ஊர் செத்தது. பேய் நகரம். பயணப் பக்கங்கள் எல்லாவற்றிலும் இதுதான் இருக்கும்.

நடந்தது இத்தனை சுருக்கம் இல்லை. தண்ணீரை முதலில் நிறுத்தியது பூகம்பம் அல்ல, மனிதர்கள். 1762-இல் சிந்து ஆட்சியாளர் குலாம் ஷா கல்ஹோரா கச்சின் மேல் படையெடுத்து வந்தார். ஜாராவில் நடந்த போரில் கச்சுப் பக்கம் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். நாட்டைப் பிடிக்க முடியாதவர், ஆற்றைப் பிடித்தார். கச்சுக்கு வரும் கிளையின் குறுக்கே மேலே அணை கட்டினார். லக்பத் பக்கம் அதுவரை நெல் விளைந்த நிலம் (ஆமாம், நெல்!) காய்ந்து உப்பானது. ஆனாலும் ஊர் போகவில்லை. ஜமேதார் பதே முகம்மது இந்த மதிலைப் பெரிதாக எடுத்துக் கட்டியது 1801-இல். சாகப்போகிற ஊருக்கு யாராவது ஏழு கிலோமீட்டர் மதில் கட்டுவார்களா?

பிறகுதான் 1819. வடக்கே ரண்ணுக்குள் இருந்த சிந்த்ரி கோட்டையைச் சுற்றி நிலம் இறங்கித் தண்ணீர் புகுந்தது. கோட்டையில் இருந்தவர்கள் மிச்சமிருந்த ஒரு கோபுரத்தில் ஏறி, மறுநாள் படகில் தப்பினார்கள். அதற்கு அந்தப் பக்கம் 80 கிலோமீட்டருக்கும் மேல் நீளமாக நிலம் மேடாக எழும்பியது. மனிதர்கள் கட்டிய அணைகளை எல்லாம் பார்த்துச் சலித்த ஜனங்கள் இதற்கு வைத்த பெயர் அல்லா பந்த். ஆண்டவன் கட்டிய அணை. அதற்கும் ஆயுள் கெட்டி இல்லை. 1826 வெள்ளத்தில் சிந்து நதி மேலே இருந்த அணைகளை உடைத்து, அல்லா பந்தையும் அறுத்துக்கொண்டு மறுபடி இந்தப் பக்கம் வந்தது. அப்போது புஜ்ஜில் இருந்த அலெக்சாண்டர் பர்ன்ஸ் நேரில் போய்ப் பார்த்து எழுதினார். நிலவியலாளர் சார்லஸ் லயல் அதைத் தன் புத்தகத்தில் சேர்த்தார். அதற்கும் பிறகு, 1855-இல் இறந்த சூஃபி கௌஸ் முகம்மதுவுக்கு எட்டுப் பட்டைச் சமாதி எழுப்பி, கல் முழுக்கப் பூவும் இலையும் செதுக்கியிருக்கிறார்கள். ஊர் 'செத்து' ஒரு தலைமுறை கழித்து!

ஆக, ஒரே ராத்திரியில் நடந்ததில்லை. மூத்த பிள்ளை மாண்ட்விக்கு, அடுத்தவன் பம்பாய்க்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருப்பார்கள். நாம் வந்த மாதிரிதான். எங்கள் ஏரலுக்குப் பக்கத்தில் கொற்கை இருக்கிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகம். தாமிரபரணி மண் தள்ளித் தள்ளிக் கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அங்கே இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அதை யாராவது பேய் நகரம் என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பாரிஸில் நாடார் என்ற புகைப்படக்காரர் (நம்ம நாடார் இல்லை, அது அவர் புனைபெயர் :-)) 1861 வாக்கில் பூமிக்கடியில் எலும்புகள் அடுக்கிவைத்த சுரங்கங்களை மின்விளக்கு வைத்துப் படமெடுத்தார். ஒரு படத்துக்கு 18 நிமிடம் வரை ஆகும். அவ்வளவு நேரம் உயிருள்ள ஆள் அசையாமல் நிற்க முடியாது என்று, தொழிலாளி மாதிரி உடுத்திய பொம்மைகளை நிறுத்தினார். அவராவது பொம்மை வைத்தார். நான் இருந்த ஆளையும் அணைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த ஜனவரி அமாவாசைக்கு மறுபடி போனேன். ராத்தங்கல் குருத்வாராவில். குருநானக் தங்கியதாக நம்பப்படும் இடம். 2001 பூகம்பத்தில் அடிபட்டதைச் செப்பனிட்டு 2004-இல் யுனெஸ்கோ விருது வாங்கினார்கள். சூடான ரொட்டியும் பருப்பும் போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு நேரே சாச்சா வீட்டுக்கு.

"இந்தத் தடவை பல்பு வேணும் சாச்சா."

25 செகண்டும் எரிந்தால் வாசலே வெள்ளைக் கொப்புளமாகிவிடும். ரெண்டு செகண்ட் போதும். ஸ்விட்சுக்கு அவரே பொறுப்பு. நான் ஷட்டரை அழுத்திவிட்டு, டார்ச்சோடு பக்கத்து இடிந்த சுவரைத் தடவிக்கொண்டே "இப்போ!" என்று கத்துவேன், அவர் "ஏக்... தோ..." என்று எண்ணி அணைப்பார். முதல் தடவை பேத்தி உள்ளிருந்து ஏதோ கேட்க, பதில் சொல்லிவிட்டுத்தான் அணைத்தார். இரண்டாவதில் நான் லென்ஸுக்கு நேரே டார்ச்சைக் காட்டித் தொலைத்தேன். நாலாவதில் எல்லாம் கூடி வந்தது. மேலே அகத்தியர், இடது பக்கம் கூரையில்லாத வீடு, வலது பக்கம் ஓட்டுக்கூரை, வாசலில் மஞ்சள் வெளிச்சம், கழட்டிப்போட்ட நாலு ஜோடி செருப்பு.

சாச்சா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு விரலால் ஓரிடத்தைத் தொட்டு, "அந்த ஓடு உடைஞ்சிருக்கு பாரு. அங்கேதான் ஒழுகுது. மழைக்கு முன்னாடி மாத்தணும்" என்றார்.