பழைய அடப்டரைப் பொருத்துமுன் மல்டிமீற்றரால் பார்க்க வேண்டியவை

புலம்பெயர்ந்த எங்கள் வீடுகளில் ஒரு லாச்சி நிறையப் பழைய அடப்டர்கள் கிடக்கும். றவுட்டருடையது, கம்பியில்லாத் தொலைபேசியுடையது, எதனுடையது என்றே தெரியாதது. பிள்ளை ஆர்டுயினோ பலகையிலோ எல்ஈடி பட்டியிலோ ஏதாவது செய்யத் தொடங்கினால் அந்த லாச்சிதான் முதலில் திறபடும். முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிட்டுப் பிறகு கவலைப்படுவதைவிட, மலிவான ஒரு மல்டிமீற்றரால் ஐந்து நிமிடம் அளந்து பார்ப்பது நல்லது.

மீற்றரை எடுக்குமுன் அடப்டரில் ஒட்டியுள்ள எழுத்தை வாசியுங்கள். உள்ளீடு 100–240 வோல்ற் என்றிருந்தால் எந்த நாட்டிலும் செருகலாம். 120 வோல்ற் மட்டும் என்றிருந்தால் அது கனடாவிலோ அமெரிக்காவிலோ பாவிக்க வேண்டியது. உறவினர் கொண்டுவந்து தந்த அப்படியான அடப்டரை ஐரோப்பாவிலோ ஊரிலோ உள்ள 230 வோல்ற் சுவரில் செருகவே வேண்டாம். கடையில் விற்கும் செருகி மாற்றி முனையின் வடிவத்தைத்தான் மாற்றும், அழுத்தத்தைக் குறைக்காது. பெட்டி வெடித்திருந்தால், வயரின் தோல் உரிந்திருந்தால் அளப்பதற்கு ஒன்றுமில்லை, கழித்துவிடுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். கழற்றிய பின்னரும் உள்ளேயுள்ள கொள்ளளவியில் மின் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

மீற்றரின் கறுப்பு வயர் பொதுத் துளையில், சிவப்பு வயர் வோல்ற் துளையில் இருக்கட்டும். குமிழை நேரோட்ட 20 வோல்ற்றுக்குத் திருப்புங்கள். சிவப்பு வயரை 10 அம்பியர் துளையில் வைத்து அடப்டரைத் தொடக்கூடாது. அந்த நிலையில் மீற்றருக்குத் தடை இல்லாத மாதிரித்தான், அது குறுஞ்சுற்று.

இப்போது சிவப்புக் கூரை முனையின் உள்ளேயும் கறுப்பை வெளிவளையத்திலும் வையுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால் உள்முனை மறை என்று அர்த்தம். பிள்ளைகள் பழகிய பழைய கேசியோ கீபோர்ட்டுகளின் 9 வோல்ற் அடப்டர்களில் இப்படித்தான் இருக்கும். ஆர்டுயினோ ஊனோவுக்கு உள்முனை நேராக இருக்கவேண்டும். ஊனோவின் துவாரத்தில் காவலுக்கு ஓர் இருவாயி உண்டு. எல்ஈடி பட்டிகளில் பெரும்பாலும் அதுவும் கிடையாது. எண் பூச்சியத்தை ஒட்டி நின்றால் ஆடலோட்டத்துக்கு மாற்றிப் பாருங்கள். சில அடப்டர்கள் ஆடலோட்டத்தையே வெளியே தருகின்றன, அவை இந்த வேலைக்கு உதவாது.

12 வோல்ற் என்று எழுதிய, கையில் பாரமான பழைய அடப்டர் 16, 17 காட்டினால் பயப்பட வேண்டாம். உள்ளே இருப்பது வெறும் மின்மாற்றி. சுமை ஏறினால்தான் எழுதிய அளவுக்கு இறங்கும். ஆனால் 5 வோல்ற் பட்டிக்கு இந்த வகையைக் கொடுக்கவே கூடாது. பாரமில்லாத புதியவை எழுதிய எண்ணுக்குக் கிட்டவே நிற்கும்.

வெறுமையாக அளந்து சரியாக வந்தது போதாது. பழுதான அடப்டரும் சுமையில்லாதபோது நல்ல எண்ணைக் காட்டும். 12 வோல்ற்றுக்கு 5 வாற் கார் மின்குமிழ் ஒன்றைத் தொடுத்து, எரியும்போதே அளவுங்கள். 5 வோல்ற்றுக்கு 10 ஓம், 10 வாற் தடையி போதும், அது அரை அம்பியர் இழுக்கும். சூடாகும், ஆகவே பீங்கான் தட்டில் வைத்துச் சில விநாடிகள் மட்டும். 5 வோல்ற் அடப்டர் 4.75க்குக் கீழே இறங்கினாலோ எண் ஏறி இறங்கித் துடித்தாலோ அதை நம்ப வேண்டாம். அளக்கும்போது வயரின் கழுத்தை மெல்ல ஆட்டிப் பாருங்கள், அறுந்த வயர் அங்கேதான் அகப்படும்.

அம்பியர் கூடிய அடப்டர் பொருளை எரிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, பொருள் தனக்கு வேண்டியதையே எடுக்கும். குறைந்தால்தான் தொல்லை. ஒவ்வொரு விளக்கும் தனித்தனியே நிறம் மாறும் பட்டியில் ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லி அம்பியர் வரை எடுக்கும். 30 விளக்குக்கு 1.8 அம்பியர், 1 அம்பியர் அடப்டர் கொதித்துப்போகும்.

யூஎஸ்பி சி துவாரமுள்ள சார்ஜர் மீற்றரில் பூச்சியம் காட்டினால் எறிந்துவிடாதீர்கள். மறுமுனையில் கருவி ஒன்று இருப்பதை உணர்ந்த பிறகுதான் அது மின்னை விடும்.