சவரி: கொண்டைக்குள் மறைந்திருக்கும் சொல்

பழங்காலக் கூந்தல் ஒப்பனையை மீட்டுருவாக்க முனைவோர் முதலில் நாடுவது சிற்பத்தை. சிற்பம் புறவடிவத்தைக் காட்டும். அவ்வடிவம் எவ்வாறு நின்றது என்பதைச் சொல்லாது. கல்லில் கொண்டை எவ்வளவு பெரிதாயினும் சரியாது. தலையில் அது சரியாமல் நிற்க ஒரு செய்முறை வேண்டும். அந்தச் செய்முறையின் தடயம் கல்லைவிடச் சொல்லில் மிகுதியாக எஞ்சியுள்ளது.

மகளிர் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்பது பழம்பெயர். அவ்வைந்தும் எவை என்பதில் மரபு ஒருமித்து நிற்கவில்லை. முடி, கொண்டை, குழல், பனிச்சை, சுருள் என்பது ஒரு பட்டியல். குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்பது மற்றொன்று. ஆயினும் இப்பெயர்களுள் சில வினையையோ வடிவையோ வெளிப்படையாகச் சுட்டுகின்றன. முடிந்தது முடி, சுருண்டது சுருள், உள்துளை உடையது குழல். வாரிவிட்ட கூந்தல் தானாகக் குழலாகாது. எதன்மேலாவது சுற்றப்பட வேண்டும், அல்லது உள்ளீடு பெற வேண்டும்.

அந்த உள்ளீட்டின் வரலாற்றைத் தாங்கும் சொல் 'சவரி', பேச்சுவழக்கில் 'சவுரி'. இன்று அது பின்னலை நீட்டவும் கொண்டையைப் பருக்கச் செய்யவும் சேர்க்கும் ஒட்டுமயிர். அச்சொல்லின் மூலப்பொருளோ இமயப் பகுதியின் கவரிமா. கோயிலில் வீசப்படும் சாமரமும் அதே சொற்குடும்பத்தைச் சேர்ந்தது. விலங்கின் மயிர் போய் மனித மயிர் வந்த பின்னும் பெயர் மாறவில்லை. தெலுங்கில் அது சவரம்; கன்னடத்தில் சௌரி.

இம்மூன்று மொழிகளும் அருகருகே வழங்கும் இடம் கோலார் தங்கவயல். இப்பகுதிக்குத் தமிழ் புதிதன்று. சோழர் ஆட்சியில் இது நிகரிலிச்சோழ மண்டலத்தில் அடங்கியது. கோலாரம்மன் கோயிலில் முதலாம் இராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. இம்மாவட்டக் கல்வெட்டுகளை லூயிஸ் ரைஸ் 1905இல் 'எபிகிராபியா கர்நாடிகா'வின் 10ஆம் தொகுதியாக வெளியிட்டார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கிய பின், வடஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் தமிழ்த் தொழிலாளர் திரளாக வந்து குடியேறினர்.

கல்வெட்டு அரசனின் கொடையைச் சொல்லும். சிற்பம் தேவியின் முடியைக் காட்டும். சுரங்கத் தொழிலாளியின் வீட்டுப் பெண் விடியலில் எவ்வாறு தலைமுடிந்தாள் என்பதற்குக் கல்லிலும் செம்பிலும் சான்று இல்லை. அவள் பேசிய சொற்களே அதற்குச் சான்று. சவுரியை எந்த இடத்தில் சேர்ப்பது, எத்தனை புரியாகப் பின்னுவது, எப்பக்கம் திருகிச் செருகுவது என ஒவ்வொன்றுக்கும் ஒரு வினைச்சொல் உண்டு.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. மாரிகுப்பத்தில் புறப்படும் தொடர்வண்டிகள் இளந்தலைமுறையை நாள்தோறும் பெங்களூருக்கு ஏற்றிச் செல்கின்றன. பழைய 'லைன்' குடியிருப்புகளின் மூதாட்டியரிடம் எஞ்சியுள்ள ஒப்பனைச் சொற்களைத் தொகுப்பது கள மொழியியலின் உடனடிக் கடமை. சிற்பத்தை மட்டும் பார்த்து மீட்கப்படும் கொண்டை தேவியுடையதாகவே இருக்கும். உழைத்த பெண்ணின் கொண்டையை மீட்க வேண்டுமாயின், அதைக் கட்டிய கைகளின் மொழியை முதலில் மீட்க வேண்டும்.