ஈகல் ஸ்கவுட்: தலைவர் புது நிபந்தனை போடலாமா?

"எல்லாம் முடிச்சாச்சு. ஆனா தலைவர், இன்னும் சில முகாமுக்கு வா, அப்புறம் கையெழுத்துன்னு சொல்றார்."

அமெரிக்கச் சாரணர் ஒருவர் இப்படிப் புலம்பினால், விதி அவர் பக்கம்தான்.

அங்கு ஆக உயர்ந்த நிலை ஈகல் ஸ்கவுட். 21 தகுதிச் சின்னங்கள், ஒரு சேவைத் திட்டம், லைஃப் நிலையில் 6 மாதத் துடிப்பான பங்கேற்பு எனப் பட்டியல் நீளும். தொண்டூழியத் தலைவர்கள் அதில் எதையும் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. செல்லப்பிள்ளைக்கும் சலுகை கிடையாது! உடற்குறை உள்ளோருக்கு மட்டும் முறைப்படி மாற்று ஏற்பாடு உண்டு.

தலைவர் கையெழுத்திட மறுத்தாலும் நீங்கள் மறுஆய்வுக் குழுவைக் கூட்டச் சொல்லிக் கேட்கலாம். பெற்றோர் அதில் உட்கார முடியாது. குழு மறுதேர்வும் வைக்காது.

ஒன்று மட்டும் கவனம்: தகுதிகளை 18 வயதாகும் முன்பே முடிச்சிடுங்க. குழு பிறகு கூடினாலும் பரவாயில்லை.